தேர்தல் நேரத்தில் நன்கொடை கேட்கலாமா?

கேள்வி: துணையில்லாத முதியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, திரும்ப வீட்டில் கொண்டுவந்து விடும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றின் செயலாளர் நான். எங்கள் ஆண்டு வரவில் பாதிக்கு மேல், நன்கொடையாளர்களுக்கு எழுதும் ஒரே கடிதத்தின் மூலம் வருகிறது. அந்தக் கடிதம் போகும் மாதத்தில்தான் இம்முறை தேர்தலும் வருகிறது. எங்கும் கட்சிச் சண்டையாக இருக்கிறது. தேர்தல் முடியும்வரை வாய்திறக்க வேண்டாம் என்று நிர்வாகக் குழுவில் சிலர் சொல்கிறார்கள். மக்களின் கோபத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறார்கள் வேறு சிலர். இதற்கிடையில் ஒரு வேட்பாளர் எங்கள் நிதி திரட்டும் விருந்துக்கு வந்து காசோலை வழங்க விரும்புவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: இரண்டு யோசனைகளையும் ஏற்க வேண்டாம் என்பேன். ஆனால் இரண்டில் அதிகச் சேதம் விளைவிப்பது மௌனம்தான். ஒரு முதியவருக்கு வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) தேவைப்பட்டால், அது தேர்தல் முடியட்டும் என்று காத்திருக்காது.

அரசியல் கட்சிகளுக்குப் போகும் பணம் தொண்டு நிறுவனங்களின் பணத்தைத் தின்றுவிடும் என்ற அச்சம் பழையது. அமெரிக்காவின் 2012 அதிபர் தேர்தல் ஆண்டை ஆராய்ந்த, தொண்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் வழங்கும் பிளாக்பாட் நிறுவனம், அரசியல் பிரசாரத்துக்குப் பணம் தந்தவர்கள் தொண்டு நிறுவனங்களுக்கு முந்தைய ஆண்டைவிட 0.9 சதவீதம் கூடுதலாகவும், அரசியலுக்கு எதுவும் தராதவர்கள் 2.1 சதவீதம் குறைவாகவும் தந்ததைக் கண்டது. கொடுக்கும் பழக்கம் உள்ளவர் இரண்டு இடத்திலும் கொடுக்கிறார் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். எனினும் இதை மட்டும் நம்பி நிம்மதியடைவது சரியல்ல. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் நன்கொடைகளை அரசியல் நன்கொடைகளோடு ஒப்பிட்ட பொருளியல் ஆய்வு ஒன்று, தேர்தல் விளம்பரங்கள் பெருகிய பகுதிகளில் சங்கத்துக்கான நன்கொடை குறைந்ததைக் காட்டியது. என் அனுபவமும் இதை ஒட்டியதே: ஏற்கெனவே உங்களை அறிந்தவர்கள் தேர்தல் நேரத்திலும் கைவிடுவதில்லை, புதியவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் அப்போது கடினமாகிறது.

ஆகவே, பழைய நன்கொடையாளர்களுக்கான கடிதத்தை வாக்குப்பதிவுக்கு ஐந்தாறு வாரங்களுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். கடைசி இரண்டு வாரங்களில், நன்றிக் கடிதத்தையும் ரசீதையும் தவிர எதையும் அனுப்பாதீர்கள். அந்த நாட்களில் தபால் பெட்டியும் மின்னஞ்சலும் கட்சிகளின் வேண்டுகோள்களால் நிரம்பி வழியும். புதியவர்களைத் தேடும் முயற்சியைத் தேர்தலுக்குப் பின் மூன்று, நான்கு வாரங்கள் கழித்து வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 2012 முதல் நடக்கும் 'கிவ்விங் டியூஸ்டே' என்ற கொடை நாள், 2016இல் வாக்குப்பதிவுக்கு 21 நாட்கள் கழித்தும், 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் 28 நாட்கள் கழித்தும் வந்தது. அந்த இடைவெளி நாட்காட்டியின் தற்செயல்தான் என்றாலும், கூச்சல் அடங்கி மனம் ஆற அவ்வளவு நாள் தேவைப்படுகிறது என்றே கருதுகிறேன்.

சமூக ஊடக விளம்பரத்தில் சிறிய நிறுவனங்கள் கவனிக்கத் தவறும் சிக்கல் ஒன்று உண்டு. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம், பல நாடுகளில், தேர்தல் விளம்பரங்களோடு 'சமூகப் பிரச்சினை' விளம்பரங்களையும் ஒரே வகையில் சேர்த்து, முன் அனுமதியும் பணம் செலுத்தியவரின் பெயரும் கேட்கிறது. உடல்நலமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2020, 2024 அமெரிக்கத் தேர்தல்களின் கடைசி வாரத்தில் இவ்வகையில் புதிய விளம்பரங்களையே அது ஏற்கவில்லை. முதியோர் மருத்துவம் பற்றிய உங்கள் எளிய விளம்பரம்கூட அந்த வலையில் சிக்கலாம். அனுமதிக்கு அடையாளச் சான்றுகளைச் சரிபார்க்க நாட்கள் பிடிக்கும் என்பதால், விளம்பரம் செய்யும் எண்ணம் இருந்தால் இந்த மாதமே விண்ணப்பியுங்கள்.

இனி, கடிதத்தின் சொற்கள். என்னிடம் வரும் கடித வரைவுகளில் நான் அதிகம் திருத்துவது இந்த இடத்தில்தான். 'ஆட்சியாளர்கள் கைவிட்ட முதியவர்களை நாம்தான் காக்க வேண்டும்' என்று எழுதினால், எழுதியவருக்கு அது பொதுவான ஆதங்கமாகத் தோன்றும். ஆளுங்கட்சிக்கு வாக்களிக்கப் போகிறவரோ அதைத் தன்மீது வைத்த குற்றச்சாட்டாகவே படிப்பார். 'தனியாக வாழும் இவருக்கு வாரம் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு முறை போய்வர எங்களுக்கு ஆகும் செலவு இவ்வளவு' என்று எழுதினால், எந்தக் கட்சிக்காரரும் அதை மறுக்க வழியில்லை. ஒரே தேவையை ஒரு கட்சி ஒரு சொல்லாலும் மற்றக் கட்சி வேறொரு சொல்லாலும் குறிப்பிடுவது உண்டு. மேடைகளில் ஒலிக்கும் அந்த இரண்டு சொற்களையும் விட்டுவிட்டு, உங்கள் வண்டி ஓட்டுநரும் தன்னார்வலர்களும் தமக்குள் புழங்கும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கு முன், எதிரெதிர் கட்சிகளை ஆதரிக்கும் இரண்டு பழைய நன்கொடையாளர்களிடம் வரைவைக் காட்டுங்கள். இருவரில் ஒருவர் ஒரு வரியில் தயங்கி நின்றாலும் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

கோபத்தைப் பணமாக்கலாம் என்று சொல்பவர்களிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. 2017 ஜனவரியில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாட்டினர் அமெரிக்காவுக்குள் வர அதிபர் டிரம்ப் தடை விதித்த வார இறுதியில், ஏ.சி.எல்.யூ. என்ற குடிமக்கள் உரிமை அமைப்புக்கு இணையவழியில் மட்டும் 2.4 கோடி டாலர் சேர்ந்தது. ஆனால் அந்த அமைப்பு அந்த ஆணையை நீதிமன்றத்தில் எதிர்த்துக்கொண்டிருந்தது. கொடுத்தவர்களின் கோபத்துக்கும் அதன் வேலைக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் நிறுவனத்துக்கு அத்தகைய தொடர்பு இல்லை. இல்லாததை உண்டாக்க முயன்றால், பாதிப் பேரை நிரந்தரமாக இழப்பீர்கள்.

வேட்பாளர் விஷயத்தில் முதலில் சட்டம். செனட்டர் லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த 1954ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அமெரிக்காவில் வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின்கீழ் வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனம் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது; மீறினால் வரிவிலக்கையே இழக்கலாம். பிரிட்டனிலும் அறநிறுவனங்கள் கட்சியையோ வேட்பாளரையோ ஆதரிக்க அனுமதியில்லை. உங்களுக்குப் பொருந்தும் விதியை உங்கள் தணிக்கையாளரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் இடம் கொடுத்தாலும், வாக்குப்பதிவுக்கு முன் மேடையில் காசோலை பெறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் புகைப்படம் மறுநாளே அவருடைய துண்டறிக்கையில் இடம்பெற்றால், அதைத் திரும்பப் பெற உங்களால் முடியாது. அவருக்கு மரியாதையாக இப்படி எழுதலாம்: 'தங்கள் அக்கறைக்கு நன்றி. தேர்தல் முடியும்வரை எந்த வேட்பாளரையும் எங்கள் மேடைக்கு அழைப்பதில்லை என்று நிர்வாகக் குழு தீர்மானித்திருக்கிறது. தேர்தலுக்குப் பின், முடிவு எதுவாயினும், எங்கள் பணியைப் பார்க்க வருமாறு அழைக்கிறோம்.' அப்படியொரு தீர்மானத்தை நிர்வாகக் குழுவில் உண்மையாகவே நிறைவேற்றிக் குறிப்பேட்டில் பதிந்த பிறகே இந்தக் கடிதத்தை அனுப்புங்கள். அடுத்த வாரம் எதிர்த்தரப்பிலிருந்து ஆள் வந்தாலும் அதே பதில் போக வேண்டும்.

ஊழியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் தனிப்பட்ட அரசியல் கருத்து இருப்பதில் தவறில்லை. நிறுவனத்தின் சட்டை, வண்டி, முகநூல் கணக்கு ஆகியவற்றோடு அது கலக்கக் கூடாது, அவ்வளவுதான்.

முடிவு அறிவிக்கப்பட்ட மறுவாரம் உங்கள் முக்கியமான நன்கொடையாளர்களைத் தொலைபேசியில் அழையுங்கள். வென்ற தரப்பினர் உற்சாகத்திலும், தோற்ற தரப்பினர் மனச்சோர்விலும் இருப்பார்கள். அந்த அழைப்பில் பணம் கேட்காதீர்கள். தேர்தலைப் பற்றியும் பேச்செடுக்காதீர்கள். அவர்கள் தந்த தொகையால் இந்த மாதம் எத்தனை பேர் சிகிச்சைக்குப் போய்வந்தார்கள் என்ற கணக்கை மட்டும் சொல்லி, நன்றி கூறி வைத்துவிடுங்கள். அடுத்த கடிதத்தை அவர்கள் பிரித்துப் படிப்பார்களா என்பது பெரும்பாலும் அந்த இரண்டு நிமிடப் பேச்சைப் பொறுத்தது.