டர்பனில் நாள்பட்ட சோர்வுக்கு நல்ல ஃபங்ஷனல் மெடிசின் மருத்துவரை எப்படித் தேடுவது?

நீண்ட நாளாகச் சோர்வு, மூட்டுவலி, வயிற்று உப்புசம்; போன இடமெல்லாம் பரிசோதனை முடிவுகள் சரியாக இருப்பதாகவே சொல்கிறார்கள்; அதனால் ஃபங்ஷனல் மெடிசின் மருத்துவர் ஒருவரைத் தேடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பத்து நிமிடத்தில் சீட்டெழுதி அனுப்பிவிடுகிறவர்களிடம் சலித்துத்தான் இந்தப் பக்கம் திரும்பியிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன், நானும் அப்படித் திரும்பியவள்தான். நான் மருத்துவர் இல்லை. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கும், சர்க்கரை நோயும் தைராய்டுக் குறைபாடும் உள்ள, ஆண்டு முழுவதும் சைவ உணவு உண்ணும் பெண். மாற்று முறைகளுக்கு எதிரி என்று சிலரும், அவற்றுக்கு விளம்பரம் செய்கிறேன் என்று வேறு சிலரும் என்னைச் சொல்லக்கூடும்; இரு தரப்பினரும் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பெயர்ப்பலகையை நம்பித் தேடாதீர்கள் என்பதே நான் சொல்ல வருவது. ஃபங்ஷனல் மெடிசின் என்பது, 1991இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி பிளாண்ட் முன்னின்று தொடங்கிய நிறுவனத்தின் வழியாகப் பரவிய, நோயின் மூல காரணத்தைத் தேடுவதாகச் சொல்லும் ஓர் அணுகுமுறை. அந்த நிறுவனத்தின் சான்றிதழை எம்பிபிஎஸ் படித்தவர்கள் மட்டுமன்றி உணவியல் வல்லுநர் போன்ற பிறரும் பெறலாம். நம் தென்னாப்பிரிக்காவில் எச்பிசிஎஸ்ஏ என்ற சுகாதாரத் தொழில் மன்றம் மருத்துவர்களைப் பதிவு செய்கிறது. ஹோமியோபதி, இயற்கை மருத்துவம், ஆயுர்வேதம் முதலியவற்றுக்கு அலைட் ஹெல்த் கவுன்சில் இருக்கிறது. ஃபங்ஷனல் மெடிசின் என்ற தனிப் பிரிவு இவ்விரண்டிலும் கிடையாது. ஆகவே பலகையில் அந்தச் சொல்லைக் கண்டால், அதற்குப் பின்னால் இருப்பவர் யாராகவும் இருக்கலாம். எச்பிசிஎஸ்ஏவின் பதிவேட்டை இணையத்தில் எவரும் பார்க்கலாம். நேரம் குறிப்பதற்கு முன் பெயரைத் தட்டிப் பாருங்கள். உங்கள் மாத்திரைகளைக் கூட்டவோ குறைக்கவோ போகிறவர் அதில் இல்லையென்றால், அவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அந்த வேலையை அவரிடம் ஒப்படைக்காதீர்கள்.

இனி என் கதை. பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறேன். உள்ளங்கால் எரிச்சலும், மாடிப்படி ஏறினால் உட்கார்ந்துவிட வேண்டிய அயர்ச்சியும் வந்தபோது, நான் வழக்கமாகப் போய்வந்த இடத்தில் "சர்க்கரைக்காரர்களுக்கு இது இருக்கத்தான் செய்யும், வயதும் ஆகிறது" என்றார்கள். அதன் பிறகுதான் நகரின் வடக்கே ஒரு ஃபங்ஷனல் மெடிசின் மருத்துவரிடம் போனேன். பதிவு பெற்ற முறையான மருத்துவர் அவர். முதல் சந்திப்பில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக என்னைப் பேசவிட்டு, என் பிள்ளைப்பேறு முதல் புரட்டாசி விரதம் வரை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நான் சைவம் என்பதையும் மெட்ஃபார்மினையும் சேர்த்துப் பார்த்து, வைட்டமின் பி12 பரிசோதனைக்கு எழுதியவர் அவர்தான். அளவு மிகவும் தாழ்ந்திருந்தது. மெட்ஃபார்மினை நெடுங்காலம் உட்கொள்பவர்களுக்கு பி12 குறையும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. 2022இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகூட இது குறித்து மருத்துவர்களுக்கு நினைவூட்டியது. இந்தக் குறையைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரச் சந்திப்பு தேவையே இல்லை, ஒரு வரிக் கேள்வி போதும். அந்தக் கேள்வியை வேறெவரும் என்னிடம் கேட்கவில்லை. பி12 ஊசி போட்ட பின் எரிச்சல் படிப்படியாகத் தணிந்தது. இந்த நன்றியை நான் மறைக்கவில்லை.

ஆனால் அதே இடத்தில் உணவு ஒவ்வாமைக்கென்று ஐஜிஜி பரிசோதனை ஒன்றும் எடுத்தார்கள். சிவப்பு அடையாளமிட்டு வந்த பட்டியலில் கோதுமை, பால், தயிர், தக்காளி, பட்டாணி, சுகர் பீன்ஸ் என்று என் சமையலறை அலமாரியே வரிசையாக நின்றது. ஐஜிஜி எதிர்ப்பொருள், பெரும்பாலும் நாம் எதை வழக்கமாகச் சாப்பிடுகிறோம் என்பதைத்தான் காட்டும், எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அல்ல. இந்தப் பரிசோதனையை நம்பி உணவை நீக்க வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் கழகம் 2008இலும் கனடாவின் கழகம் 2012இலும் எழுதிவைத்துள்ளன. பி12 குறைந்திருக்கும் ஒரு சைவக்காரியின் தட்டில் அந்தச் சத்துக்கு மிஞ்சியிருந்த பாலையும் தயிரையும் நிறுத்தச் சொன்ன அறிவுரை எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்புத் திட்டம் இந்தப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் காசு தராது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கும் தைராய்டுக் குறைபாட்டுக்கும் அவர்கள் சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டிய குறைந்தபட்சப் பலன்கள் உண்டு. இத்தகைய பரிசோதனைகள் அதில் அடங்கா.

இதைவிடப் பெரிய சிக்கல் முடி உதிர்வுக்காக அங்கேயே விற்ற மாத்திரையால் வந்தது. அதைத் தொடங்கிய பின் எடுத்த பரிசோதனையில் தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் மிகக் குறைவாகவும், தைராய்டு ஹார்மோன் மிகுதியாகவும் காட்டவே, மருந்து மிகுதி என்று எண்ணி, என் தைராய்டு மாத்திரையான எல்ட்ராக்சினின் அளவைக் குறைத்தார்கள். அடுத்த மாதங்களில் தோல் வறண்டது, மலச்சிக்கல் வந்தது, டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் நான் மட்டும் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எங்கள் பகுதியில் புதிதாக வந்திருந்த குடும்ப மருத்துவரிடம் என் மகள் அழைத்துப் போனாள். அந்த மருத்துவர் என் கையில் இருந்த முடிவுத் தாள்களைப் பார்க்கவே இல்லை. "ஆன்ட்டி, வீட்டில் நீங்கள் வாயில் போடுகிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவாருங்கள்" என்றார். கொண்டுபோன புட்டிகளை மேசையில் ஒவ்வொன்றாக நிறுத்தி, பொடி எழுத்துகளைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். முடி மாத்திரையின் புட்டியில் பயோட்டின் என்ற பி வைட்டமின் 10,000 மைக்ரோகிராம் என்று இருந்தது. ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதுமானதாகக் கருதப்படும் அளவு சுமார் 30 மைக்ரோகிராம்தான். இவ்வளவு பயோட்டின் ரத்தத்தில் இருக்கும்போது, ஆய்வுக்கூடங்களில் பரவலாகப் பயன்படும் ஒரு வகைப் பரிசோதனை டிஎஸ்எச்சைக் குறைவாகவும் ஹார்மோனை மிகையாகவும் காட்டிவிடுமாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தி மீண்டும் பார்த்தபோது என் டிஎஸ்எச் வரம்பைத் தாண்டி மேலே நின்றது, அதாவது மருந்து போதவில்லை. காலையில் எல்ட்ராக்சினோடு சேர்த்தே விழுங்கிவந்த கால்சியத்தையும் நான்கு மணி நேரம் தள்ளிவைக்கச் சொன்னார். அளவைப் பழையபடி உயர்த்தி, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தோம். அதற்கு முன் பார்ப்பதில் பயனில்லை என்று விளக்கினார். கம்பளிச் சட்டை பெட்டிக்குள் போயிற்று.

அந்தக் குடும்ப மருத்துவரின் வாசலில் ஃபங்ஷனல் என்ற எழுத்தே கிடையாது. முதலாமவரைப் போல ஒரு மணி நேரம் கேட்பதும், இவரைப் போலப் பையைக் கொட்டிப் பார்ப்பதும் ஒரே ஆளிடம் அமைந்தால் உங்கள் யோகம். அமையாவிட்டால் இரண்டாவதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன், ஏனெனில் கேட்காமல் விட்டதை நாமே எழுதிக்கொண்டு போய்ச் சொல்லிவிடலாம், மருந்துக்கும் மருந்துக்கும் உள்ள சண்டையை நம்மால் கண்டுபிடிக்க முடியாது. முதல் சந்திப்பில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் "இதன் முடிவு எப்படி வந்தால் என் சிகிச்சையில் என்ன மாறும்?" என்று கேளுங்கள். விடை சொல்ல முடியாத பரிசோதனைக்குக் கை நீட்டாதீர்கள். எழுதிக் கொடுக்கும் சத்து மாத்திரைகளை அவரே விற்றால், அதே பொருள் மருந்துக்கடையில் என்ன விலை என்று விசாரித்துவிட்டு வருவதாகச் சொல்லுங்கள். நல்லவர் முகம் சுளிக்கமாட்டார்.

உங்கள் மூட்டுவலியைப் பற்றி மட்டும் தனியாக ஒன்று. காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் அரை மணி, ஒரு மணி நேரம் மடங்காமல் விறைத்திருக்கின்றனவா, வீங்குகின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தால் எந்த ஃபங்ஷனல் மருத்துவரையும் தேடிக்கொண்டிருக்காமல், குடும்ப மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள். முடக்குவாதத்தில் சிகிச்சை தாமதித்தால் மூட்டு அரித்துப்போகும், அரித்த மூட்டு திரும்ப வளராது. அந்த நோயும் மெடிக்கல் எய்ட் கட்டாயம் ஏற்க வேண்டிய பட்டியலில் உள்ளது. மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.