சொல்லாமல் கோர்ட் மாறிய செக் வழக்கு

கேள்வி: களக்காடு பக்கம் வாழைத்தார் வியாபாரம் செய்கிறேன். நான்கு லட்ச ரூபாய் செக் திரும்பியதால் 2022-ல் வழக்குப் போட்டேன். என் சாட்சியம், குறுக்கு விசாரணை எல்லாம் முடிந்த பிறகு, பாளையங்கோட்டை கோர்ட் வளாகத்துக்குள்ளேயே வேறொரு மாஜிஸ்திரேட்டுக்கு வழக்கை மாற்றிவிட்டார்கள். நோட்டீஸ் இல்லை, காரணமும் எழுதவில்லை. செல்வாக்கான எதிரியின் வேலைதான் இது. இப்போது சொந்தக்காரர்களை விட்டு மூன்று லட்சத்துக்குப் பேசுகிறார். ஹைகோர்ட் போகலாமா?

பதில்: எதிரியின் செல்வாக்கைப் பற்றி எழுதியதை எந்த மனுவிலும் சேர்க்காதீர்கள். ஆதாரமில்லாமல் எழுதி, மனு வீணானது என்று தள்ளுபடியானால் எதிர்த்தரப்புக்குத் தொகை கட்ட வேண்டி வரலாம். நேரே ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்கும் போக முடியாது. ஒரே மாவட்டத்துக்குள் வழக்கைத் திரும்ப மாற்றக் கேட்பதென்றால் முதலில் மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அங்கே மறுத்திருக்க வேண்டும்.

2024 ஜூலை 1-க்கு முந்தைய வழக்கு என்பதால் உங்களுக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் (இங்கே சொல்லும் பிரிவு எண்கள் எல்லாம் அதிலுள்ளவை). 410-வது பிரிவின்படி சி.ஜே.எம். (தலைமை மாஜிஸ்திரேட்) தனக்குக் கீழுள்ள ஒரு மாஜிஸ்திரேட்டிடம் இருக்கும் வழக்கை எடுத்து இன்னொருவருக்கு அனுப்பலாம். நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை. காரணம் எழுத வேண்டும் என்று 412 சொல்கிறது. ஆனால் காரணம் உங்களிடமுள்ள வழக்குக் காகிதங்களில் இல்லை என்பதால் எழுதவே இல்லை என்று ஆகிவிடாது, சி.ஜே.எம். உத்தரவில் ‘வேலைப்பளு’ என்று ஒரு வரி இருக்கலாம். நகல் மனுப் போட்டு அதை வாங்கிப் பாருங்கள். நிஜமாகவே காரணம் இல்லையென்றால் இப்போதே எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். அந்த உத்தரவை மேல் கோர்ட்டில் எதிர்க்கும் சீராய்வு மனுவுக்குக் கெடு 90 நாள். தீர்ப்புக்குப் பிறகு கிளப்பினால், ‘இதனால் என்ன அநீதி நேர்ந்தது, அன்றைக்கே ஏன் சொல்லவில்லை’ என்று 465-ஐக் காட்டிக் கேட்பார்கள்.

எனக்குக் கவலை வேறு. பழைய கோர்ட் வராண்டாவில் வழக்கம்போலக் காத்துக்கொண்டு நிற்பீர்கள். எதிர்க் கட்டடத்தில் புது எண்ணில் உங்கள் பெயரைக் கூப்பிட்டு முடித்திருப்பார்கள். புகார்தாரர் வரவில்லை என்றால் 256-ன்படி எதிரியை விடுதலை செய்துவிடலாம். அதே செக்கை வைத்து மறுபடி வழக்குப் போட முடியாது, மேல்முறையீடு ஒன்றுதான் வழி. நாளைக்கே புது எண்ணையும் வாய்தாத் தேதியையும் வாங்குங்கள். வர முடியாத நாளில் வக்கீல் ஆஜராகி, நீங்கள் வராததற்கு மனுக் கொடுக்க வேண்டும்.

உங்கள் வழக்கில் சட்டப்படி முக்கியமான புள்ளி ஒன்றே ஒன்று: உங்கள் சாட்சியம் எந்த முறையில் பதிவானது? செக் வழக்கு, சாட்சியத்தின் சாரத்தை மட்டும் குறித்துக்கொள்ளும் சுருக்க விசாரணையில்தான் தொடங்கும். அப்படியே நடந்திருந்தால், ஒரு மாஜிஸ்திரேட் பதிவு செய்த சாட்சியத்தை வைத்து அடுத்தவர் தீர்ப்புச் சொல்ல முடியாது. 326(3) தடுக்கிறது, முதலிலிருந்து விசாரிக்க வேண்டும். இது தெரியாமல் ஜெயித்தவர்கள் அப்பீலில் தோற்று, கூண்டில் மறுபடி ஏறியிருக்கிறார்கள். எனவே கோர்ட்டின் டைரிக் குறிப்புகளின் நகலில், சம்மன் வழக்காக (சுருக்காமல் நடக்கும் வழக்கமான விசாரணையாக) மாற்றிக் காரணத்தோடு எழுதிய உத்தரவு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டாலும், உங்கள் சாட்சியமும் குறுக்கு விசாரணையும் வரிவரியாக முழுசாகப் பதிவாகியிருந்தால், சம்மன் வழக்காகவே நடந்தது என்று வாதாட இடம் உண்டு. வாதத்துக்குப் போகுமுன் புது மாஜிஸ்திரேட்டிடம் மெமோ போட்டு, சம்மன் வழக்காக நடந்தது என்பதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

சாட்சியம் சுருக்கமாகத்தான் பதிவாகியிருக்கிறது என்று தெரிந்தால், மூன்று லட்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வருத்தமாக இருந்தாலும் என் யோசனை அதுதான். மறுவிசாரணை, அதன் பிறகு எதிரியின் அப்பீல் என்று இன்னும் சில வருடம் போகும். அப்பீலில் அவர் அபராதம் அல்லது இழப்பீட்டில் 20 சதவீதம் கட்டினாலே தண்டனையை நிறுத்தி வைக்கக்கூடும். ஆனால் வெள்ளைத்தாள் ஒப்பந்தமும் பின் தேதியிட்ட செக்கும் வேண்டவே வேண்டாம். டிடியாகக் கொடுத்தால், பணம் கணக்கில் ஏறிய பிறகு வாபஸ் மனுவில் கையெழுத்துப் போடுங்கள். தவணை கேட்டால் லோக் அதாலத்தில் பதிவு செய்து, ‘ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே’ என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த உத்தரவை வைத்து சிவில் கோர்ட்டில் அவர் சொத்தை ஜப்தி செய்யக் கேட்கலாம்.