கிணற்றடியில் நிற்பது வேம்பா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2010 ஆம் ஆண்டு நாங்கள் மீளக்குடியமர்ந்தபோது, பற்றை வெட்டிய வளவில், கிணற்றிலிருந்து ஏறத்தாழ 12 அடி தள்ளி முழங்கால் உயரத்தில் ஒரு கன்று நின்றது. வேப்பங்கன்று என்று எண்ணி விட்டுவைத்தோம். இன்று அது ஓட்டுக் கூரையைத் தாண்டிவிட்டது; ஆனால் ஒரு வேப்பம்பழத்தைக்கூட அதில் கண்டதில்லை. கடும் வெயில் காலத்தில் இலை முழுவதையும் உதிர்த்துவிடுகிறது. அயலவர்கள் காட்டு வேம்பு என்கிறார்கள். கிணற்றடிக்குக் கூடாது, தறித்துவிடு என்று மாமா சொல்கிறார். இலைகளையும் மரத்தடியில் கிடந்த கோதுகளையும் இத்துடன் அனுப்புகிறேன். இது என்ன மரம் ஐயா?
– வாசகி ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: உங்கள் வளவில் நிற்பது முதிரை மரம், அம்மா. பாலை, வீரை, கருங்காலி ஆகியவற்றோடு சேர்த்து வன்னிக் காட்டின் பெயரைச் சொல்லும் மரங்களுள் ஒன்று, தானாக வந்து உங்கள் கிணற்றடியில் வளர்ந்திருக்கிறது.

கடித உறையைத் திறந்தபோது இலையைப் பார்த்து எனக்கும் சற்றுத் தயக்கம் இருந்தது. அந்தத் தயக்கத்தைத் தீர்த்தது கோதுதான். நீங்கள் அனுப்பிய மூன்று கோதுகளும் நுனியிலிருந்து மூன்று இதழாகப் பிளந்து, அடியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு கோதின் இடுக்கில், கடதாசி போன்ற மெல்லிய சிறகு ஒரு புறம் நீண்ட விதையொன்றும் சிக்கியிருந்தது. வேம்பின் காய் ஒருபோதும் இப்படி வெடிப்பதில்லை. அது சதைப்பற்றோடு மஞ்சளாகப் பழுத்து, காகமும் வௌவாலும் தின்று கொட்டையைப் போடுகின்ற பழம். முதிரை விதை காற்றில் பறந்து வருவது. ஆட்கள் இல்லாதிருந்த ஆண்டுகளில் பக்கத்துக் காட்டிலிருந்து உங்கள் வளவுக்கு அது எப்படி வந்திருக்கும் என்பதற்கும் அந்தச் சிறகே விடை.

இனி இலையை நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு சிற்றிலையைக் கிள்ளி வெயிலுக்கு எதிரே பிடித்தால், ஊசியால் குத்தினாற்போல ஒளி ஊடுருவும் நுண்ணிய புள்ளிகள் தெரியும். கசக்கினால் வாசனை எழும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். எலுமிச்சை, கறிவேப்பிலை, விளாத்தி ஆகியவற்றின் இலைகளிலும் இதே புள்ளிகளைக் காணலாம், ஏனெனில் முதிரையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. வேப்பிலையின் ஓரம் வாள்பல் போல வெட்டுண்டு, நுனி கூராக நீளும். முதிரையின் சிற்றிலையோ ஓரம் வழுவழுப்பாக, நுனி மழுங்கி, நடு நரம்பின் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கும். காட்டு வேம்பு என்ற பெயரை, வேம்பின் சாயல் கொண்ட எந்த மரத்துக்கும் நம்மவர்கள் சூட்டிவிடுவதால், அதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. மலைவேம்பாக இருக்குமோ என்ற ஐயமும் வேண்டாம். அதன் இலைக்காம்பு மேலும் கிளைத்து, இரண்டாம் அடுக்காகச் சிற்றிலைகளைத் தாங்கும்.

வேம்பென்று எண்ணியதற்காக நீங்கள் வெட்கப்படத் தேவையில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இம்மரத்தை விவரித்த தாவரவியலாளர் ரொக்ஸ்பரோ, இதை மலைவேம்பும் வேம்பும் அடங்கிய குடும்பத்தின் மற்றோர் உறுப்பினரான மகோகனியின் இனத்தில்தான் சேர்த்தார். பின்னர் வந்தோர் அதைப் பிரித்தெடுத்தனர். ஆயினும் 'குளோரொக்சைலன் சுவீட்டெனியா' என்ற இன்றைய பெயரின் பிற்பாதியில் மகோகனியின் இனப்பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. (பழந்தமிழில் முதிரை என்பது துவரை, பயறு முதலிய பருப்பு வகைகளைக் குறிக்கும் சொல், அதற்கும் இந்த மரத்துக்கும் தொடர்பு தேட வேண்டாம்.)

மாமாவின் அச்சத்துக்கு வருவோம். கிணற்றுக் கட்டைப் பிளப்பதில் பேர்போனவை ஆலும் அரசும். 12 அடி தள்ளி நிற்கும் முதிரைக்காக நான் கத்தியை எடுக்கமாட்டேன். இலை உதிரும் காலத்தில் கிணற்றின் மேல் வலையொன்றைக் கட்டினால் போதும். இது மிக மெதுவாகப் பருக்கும் மரம் என்பதால், இன்று தறித்தால் நிலைக்கும் கதவுக்கும் புகழ்பெற்ற அந்த மஞ்சள் வைரம் உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை, விறகுதான் மிஞ்சும். என்றாவது தறிக்க நேர்ந்தாலும், சொந்த வளவு மரம்தானே என்று இருந்துவிடாமல், தறிப்பதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் வேண்டிய அனுமதியைப் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். இழைக்கும் தச்சரிடமும் ஒரு சொல் சொல்லிவையுங்கள்: முதிரைத் தூள் பட்டால் சிலருக்குத் தோல் அரித்துத் தடிக்கும்.

கேள்வி: எங்கள் வேலியோரத்து மரத்தில் இலையைக் கிள்ளினால் பால் வடிகிறது. பாலை மரம் என்று கொள்ளலாமா?
– வாசகர் ஒருவர், மாங்குளம்

பதில்: பாலை மட்டும் வைத்துப் பாலை என்று சொல்லிவிட முடியாது, இலுப்பையிலும் பால் வடியும். இலை தடித்து, பளபளத்து, நுனியில் சிறிது உள்வாங்கிப் பிளந்திருந்தால் பாலை; இலை பெரிதாக, நுனி கூராக, கிளையின் முனையில் கொத்தாகத் திரண்டிருந்தால் இலுப்பை. இரண்டும் இல்லையெனில், பூவோ காயோ உள்ள ஒரு சிறு கிளையைச் செய்தித்தாள் மடிப்புக்குள் வைத்து, பாரம் ஏற்றி உலர்த்தி அனுப்புங்கள். பொலித்தீன் பையில் இட்டால் வழியிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். கிளையை முறிக்கும்போது கையில் பட்ட பாலோடு கண்ணைக் கசக்காதீர்கள். களப்போரங்களில் நிற்கும் தில்லையின் பால் கண்ணுக்கு எவ்வளவு தீங்கானது என்பதை முல்லைத்தீவுக் கரையோரத்தார் அறிவர்.