செப்டிக் டேங்க் நன்றாக இருக்கும்போது பாதாள சாக்கடை இணைப்பு வாங்க வேண்டுமா?

கேள்வி: நாகர்கோவிலில் வீடு கட்டி மூன்று வருடம் ஆகிறது. செப்டிக் டேங்க் நன்றாகவே இருக்கிறது. இப்போது தெருவில் பாதாள சாக்கடைக் குழாய் போட்டுவிட்டு இணைப்பு வாங்கச் சொல்கிறார்கள். அவசியமா?

வாங்கிவிடுங்கள்.

‘நன்றாகவே இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முற்றத்தில் புதிதாக டைல்ஸ் பதித்திருப்பீர்கள், அதை உடைக்க மனசு வரவில்லை, அவ்வளவுதானே?

நான் சென்னையில் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பதினெட்டு வருடம் ஆபரேட்டராக இருந்தவன். ஒப்பந்த வேலைதான், இன்ஜினியர் கிடையாது. இதைப் படித்துவிட்டு இன்ஜினியர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஊரில் யாராவது கேட்டால் என் அம்மா “தண்ணி சம்பந்தமான வேலை” என்று பேச்சை முடித்துவிடுவார். பெண் பார்க்கப் போன இடத்திலும் அதையேதான் சொன்னார்கள்.

வந்து சேரும் கழிவுநீரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கழிவு இருக்காது, மீதி எல்லாம் தண்ணீர். முதலில் கம்பிச் சல்லடை. ஷாம்பு பாக்கெட், நாப்கின், பழந்துணி, முடி எல்லாம் அதில் மாட்டும். அப்புறம் மணல் படியும் தொட்டி. அதற்கு அடுத்தது காற்று ஊதும் தொட்டி, அங்கேதான் விஷயமே இருக்கிறது. அழுக்கைத் தின்பது பாக்டீரியா, அதற்கு மூச்சு விடக் காற்று கொடுப்பது மட்டுமே நம் வேலை. தொட்டி ஆரோக்கியமாக இருந்தால் நாறாது. மழை பெய்த மண் வாசம் அடிக்கும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. தினமும் காலையில் ஒரு லிட்டர் ஜாடியில் அந்தத் தண்ணீரைப் பிடித்து அரை மணி நேரம் வைத்து, சகதி எவ்வளவு படிகிறது என்று குறிப்போம். அதைப் பார்த்தே இன்றைக்குத் தொட்டிக்கு உடம்பு எப்படி என்று சொல்லிவிடலாம். கரண்ட் போய் ப்ளோயர் நின்றால் கொஞ்ச நேரத்தில் நாற ஆரம்பிக்கும். பெருமழை பெய்தால் வேறு தொல்லை. மொட்டைமாடித் தண்ணீரைச் சாக்கடையில் விட்டவர்கள் புண்ணியத்தில் வெள்ளம் உள்ளே புகுந்து பாக்டீரியாவை அடித்துக்கொண்டு போய்விடும். ஆகையால் இணைப்பு வாங்கும்போது மழைத்தண்ணீர்க் குழாயை அதில் சேர்த்துவிடாதீர்கள். பிளம்பர் சேர்க்கத்தான் பார்ப்பார்.

2019-லிருந்து கோயம்பேட்டில் கழிவுநீரை இன்னும் மேலே சுத்தப்படுத்தி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். நாளுக்கு 4.5 கோடி லிட்டர் சுத்திகரிக்கக்கூடிய நிலையம் அது. நம் நாகர்கோவில் கழிவோ ஓடையில் இறங்கி, பழையாற்றில் கலந்து, மணக்குடியில் கடலைத் தொடுகிறது. வழியில் அதே தண்ணீர்தான் வயலுக்கும் பாய்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். வேலையை விட்டு ஊருக்கு வந்த வருடம், ஐப்பசி மழையில் கிணற்றுத் தண்ணீர் ஒரு மாதிரி இருந்தது. கறுப்பாகிற குப்பிச் சோதனை ஒன்று உண்டு. மருந்து போட்ட சின்னக் குப்பியில் தண்ணீரை ஊற்றி ஒரு நாள் வைத்தால், மலக்கிருமி இருந்தால் கறுத்துவிடும். என் குப்பி தார் மாதிரி கறுத்தது. பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் என் மதிலை ஒட்டி இருக்கிறது. வேறு என்ன சாட்சி வேண்டும்? நேரே போய் அந்த மாமியிடம் கத்தினேன். பதினெட்டு வருடம் இதே வேலை பார்த்தவன், எனக்குத் தெரியாதா என்றெல்லாம் பேசினேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை. “ஒன் டேங்கையும் ஒருக்கா தொறந்து பாரு மக்களே” என்று மட்டும் சொன்னார்.

கோபத்தில்தான் திறந்தேன். லாரி வந்து சாயங்காலம் உறிஞ்சி எடுத்தது. அன்று ராத்திரி நாங்கள் யாரும் கழிப்பறைப் பக்கம் போகவில்லை, அக்காள் வீட்டில் தங்கிவிட்டோம். காலையில் வந்து மூடியைத் தூக்கினால் முட்டளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. அடியில் தளமே இல்லை! அப்பா காலத்தில் உறையை இறக்கி அப்படியே விட்டிருக்கிறார்கள். நிலத்தடி நீர் உள்ளே வருகிற வழியாகத்தான் இத்தனை வருடமும் எங்கள் கழிவு வெளியே போயிருக்கிறது. கிணறு இருபது அடி தள்ளி. ‘டேங்க் நிறையவே இல்லை, எவ்வளவு நல்ல டேங்க்’ என்று பெருமைப்பட்ட அப்பாவை நினைத்துக்கொண்டேன். மாமி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். நான் தலையை நிமிர்த்தவில்லை.

டேங்கிலிருந்து வழிகிற தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது, அதாவது அறுபது அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. ஐந்து செண்ட் மனையில் அறுபது அடிக்கு எங்கே போக? சொந்தக் கிணற்றைத் தாண்டினால் பக்கத்து வீட்டுக் கிணறு. வருடத்தில் இரண்டு மழைக்காலம் உள்ள மாவட்டம் இது. நிலத்தடி நீர் மேலே ஏறினால் எந்தக் குழியும் உறிஞ்சாது. உங்கள் டேங்குக்குத் தளம் இருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. தளம் இருந்தாலும் நிரம்பி வழிகிற தண்ணீர் எங்கேயாவது போகத்தானே வேண்டும்.

‘அரசு வேலைக்கு வக்காலத்தா’ என்று யாராவது கேட்பார்கள். இல்லை. தோண்டிப்போட்ட ரோட்டில் விழுந்து முழங்கையில் தழும்பு வாங்கியவன் நான். என் தெருவுக்கு இன்னும் குழாய் வரவில்லை. உங்களுக்கு வந்திருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

இணைப்பு கிடைக்கும்வரை டேங்கை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்து எடுங்கள். டேங்க் எடுப்பதற்கான உதவி எண் 14420-ஐக் கூப்பிட்டுக் கேளுங்கள். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று லாரிக்காரரிடம் கேளுங்கள். நான் கேட்டதற்குச் சிரித்தார், அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எவ்வளவு அவசரமானாலும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். அழுகின முட்டை நாற்றம் அடித்துக்கொண்டிருந்து திடீரென்று நின்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். செத்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது.

இணைப்புக் கொடுக்கும்போது வீட்டுக்கு முன்னால் ஒரு சின்ன சேம்பர் கட்டுவார்கள். அடைப்பு எடுக்க அதைத்தான் திறக்க வேண்டும். தயவுசெய்து அதன் மூடிக்கு மேலே டைல்ஸ் ஒட்டிவிடாதீர்கள்.