முன்பணத்துக்கு முன்: வீட்டு முதலீடு குறித்த வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, குடியிருப்பதற்காக அல்லாமல், வாடகைக்கு விடுவதற்காகவோ பிற்காலத்தில் விற்பதற்காகவோ முதன்முறையாக ஒரு வீட்டையோ மனையையோ வாங்க நினைப்பவர்கள் எழுதியவை. ஊரும் தொகையும் மாறினாலும், ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் முன்பணம் கொடுக்கும் தேதி முதலில் முடிவாகிவிட்டது. கேள்வி அதற்குப் பிறகுதான் எழுந்திருக்கிறது. கேள்விகளைச் சுருக்கி, பெயர்களைத் தவிர்த்து வெளியிடுகிறோம்.

கேள்வி: எனக்கு வயது 31. சேமிப்பு 12 லட்சம் ரூபாய் இருக்கிறது. சென்னைப் புறநகரில் பத்தாண்டு பழைய இரண்டு படுக்கையறை அடுக்ககம் 48 லட்சத்துக்கு வருகிறது. மாதம் 14,000 ரூபாய் வாடகை கிடைக்கும் என்கிறார்கள். வாடகையிலேயே தவணை கட்டிவிடலாம் என்று நண்பர்கள் சொல்வது சரியா? – வாசகர், சேலம்

பதில்: சரியல்ல. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில், சொத்தின் மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதன்படி உங்களுக்கு அதிகபட்சம் 38.4 லட்சம் கிடைக்கும், மீதி 9.6 லட்சம் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். இதற்கு மேல், மறுவிற்பனை வீடு என்பதால் முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும், வழிகாட்டி மதிப்பு (அந்த இடத்துக்கு அரசு நிர்ணயித்திருக்கும் மதிப்பு), பத்திரத்தில் எழுதும் விலை இவ்விரண்டில் எது அதிகமோ அதன் மீது கட்ட வேண்டும். 48 லட்சத்துக்கு இது 4.32 லட்சம். இந்தச் செலவை வங்கி சொத்து மதிப்பில் சேர்த்துக் கடன் தருவதில்லை. ஆக, தரகு, வழக்கறிஞர் கட்டணம், வெள்ளையடிப்பு ஆகியவை தொடங்குவதற்கு முன்பே 13.92 லட்சம் தேவைப்படுகிறது. உங்கள் 12 லட்சம் இங்கேயே போதாமல் போகிறது. அந்தப் பற்றாக்குறையைத் தனிநபர் கடனால் அடைக்க நினைக்காதீர்கள்.

அடுத்தது தவணை. வட்டி 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் 38.4 லட்சத்துக்கு மாதம் சுமார் 33,300 ரூபாய் வரும். வாடகை ஆண்டுக்கு 1,68,000 ரூபாய். ஒரு குடித்தனக்காரர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் ஒரு மாதமாவது வீடு பூட்டிக் கிடக்கும் என்று 14,000 ரூபாயைக் கழியுங்கள். சொத்து வரி, குழாய், மின்சாரப் பழுது, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் வண்ணப்பூச்சு ஆகியவற்றுக்குச் சராசரியாக இன்னொரு 19,000 ரூபாயைக் கழித்தால், கைக்கு நிற்பது 1,35,000 ரூபாய். பதிவுச் செலவும் சேர்த்து நீங்கள் போட்ட 52 லட்சத்துச் சொச்சத்தில் இது 2.6 சதவீதம்தான். தவணையில் மாதந்தோறும் 22,000 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். அதை இருபது ஆண்டுகள் தாங்க முடியுமா, வேலை ஆறு மாதம் இல்லாமல் போனாலும் தாங்க முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி.

வரிச் சலுகை இந்த இடைவெளியை நிரப்பும் என்று சொல்பவர்கள், நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள் என்று கேட்பதில்லை. வாடகை வருமானத்தில் 30 சதவீதம் நிலைக்கழிவாகப் போகும். கடன் வட்டியையும் கழிக்கலாம். ஆனால் அப்படிக் கழித்து வரும் நட்டத்தைச் சம்பளத்தோடு ஈடுசெய்வதற்குப் புதிய வரி முறையில் இடமில்லை. பழைய முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை இடமுண்டு.

ஆகவே இந்த முதலீட்டில் லாபம் வருமானால், அது விலையேற்றத்திலிருந்துதான் வர வேண்டும். கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு பழையதாகிறது. விலை ஏறுவது அதன் அடியில் இருக்கும் மண்ணுக்கு. எனவே தரகர் சொல்லும் 950 சதுர அடியை விட, பத்திரத்தில் எழுதியிருக்கும் பிரிக்கப்படாத பாக மனை, அதாவது அடுக்ககம் நிற்கும் மொத்த நிலத்தில் உங்கள் பங்கு, எத்தனை சதுர அடி என்பது உங்களுக்கு முக்கியம். ஒரே தெருவில், ஒரே விலையில், ஒரு வீட்டுக்கு 300 சதுர அடி பாகமும் மற்றொன்றுக்கு 500 சதுர அடி பாகமும் இருப்பதுண்டு. எனது கருத்து: கையில் இன்னும் ஐந்தாறு லட்சம் சேரும் வரை காத்திருங்கள், அல்லது இதைவிட விலை குறைந்த வீட்டைப் பாருங்கள். மாறும் வட்டியில் வாங்கும் வீட்டுக்கடனைத் தனிநபர்கள் முன்கூட்டிக் கட்டினால் வங்கி அபராதம் விதிக்க முடியாது என்பதால், வாங்கிய பிறகு கிடைக்கும் போனஸை அசலில் கட்டுவது நல்லது.

கேள்வி: திருச்சியில் 1,200 சதுர அடி மனையில் ஒரு பழைய வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. உரிமையாளர் காலமாகிவிட்டார், இரண்டு மகன்கள் விற்கிறார்கள். பட்டா அவர்கள் பெயரில் இருக்கிறது. வில்லங்கமும் போட்டுப் பார்த்தாகிவிட்டது, இரண்டு நாளில் 2 லட்சம் முன்பணம் கொடுங்கள், இல்லையென்றால் வேறொருவர் முடித்துவிடுவார் என்கிறார் தரகர். கொடுக்கலாமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. வேறொருவர் முடித்துவிட்டால் உங்களுக்கு ஒரு வீடு போகும். சரிபார்க்காமல் கொடுத்தால் 2 லட்சமும் சில ஆண்டு நிம்மதியும் போகும்.

முதலில் வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். காலமானவருக்கு மனைவி, மகள்கள், தாயார் இருக்கிறார்களா என்பது அதில் தெரியும். இந்து ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் தாமே சம்பாதித்த (சுயார்ஜித) சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், தாயார் அனைவருக்கும் சம பங்கு உண்டு. பூர்விகச் சொத்தில் மகள்களுக்கு மகன்களைப் போலவே உரிமை என்பதைத் தமிழ்நாடு 1989 ஆம் ஆண்டிலேயே, அன்று திருமணமாகாத மகள்களுக்குச் சட்டமாக்கியது. 2005 ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் அதை விரிவுபடுத்தியது. நகை போட்டுக் கட்டிக்கொடுத்துவிட்டோம், அவளுக்கு ஒன்றும் வேண்டாம் என்று சகோதரர்கள் சொல்வதைச் சட்டம் ஏற்காது. அந்தச் சகோதரி தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக, பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லையேல் கிரயப் பத்திரத்தில் அவரும் கையெழுத்திட வேண்டும். பங்குதாரர்களில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவையா என்று வழக்கறிஞரைக் கேளுங்கள். பட்டா வருவாய்த்துறையின் பதிவேயன்றி உரிமைப் பத்திரம் அல்ல. இரண்டு மகன்கள் பெயரில் பட்டா மாறிவிட்டதால் மகளின் பங்கு மறைந்துவிடாது.

வில்லங்கம் போட்டுப் பார்த்தாகிவிட்டது என்பதோடு நிற்காமல், அந்தச் சான்றை, அதாவது சொத்தின் மீது பதிவான ஆவணங்களின் பட்டியலை, நீங்களே வரி வரியாகப் படியுங்கள். ஒவ்வொரு பதிவிலும் ஆவண எண், ஆண்டு, ஆவணத்தின் தன்மை, எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், கீழே சொத்து விவரமும் எல்லைகளும் இருக்கும். ஒரு பதிவில் எழுதிவாங்கியவராக இருப்பவர், அடுத்த விற்பனைப் பதிவில் எழுதிக்கொடுப்பவராக வர வேண்டும். நடுவில் திடீரென ஒரு புதிய பெயர் விற்பவராகத் தோன்றினால், அவருக்குச் சொத்து எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். தன்மை என்ற இடத்தில் "உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு" என்று ஒரு வங்கியின் பெயரோடு இருந்தால், அடமானக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். அதற்குப் பிறகு அதே வங்கி எழுதிக்கொடுத்த "ரசீது" ஒன்று பதிவாகியிருக்க வேண்டும். ரசீது இல்லையென்றால் கடன் நிலுவையில் இருக்கலாம். அல்லது கடனை அடைத்துவிட்டு ரசீதைப் பதியாமல் விட்டிருக்கலாம். இரண்டாவது காரணத்தையே எல்லோரும் சொல்வார்கள். சொல்வதை விட்டு, வங்கியின் கடிதத்தையும் பதிவு செய்த ரசீதையும் கேளுங்கள்.

எந்தச் சர்வே எண்ணுக்குப் போட்ட வில்லங்கம் என்பதையும் பாருங்கள். மாநகராட்சிப் பகுதிகளில் பழைய கிராமச் சர்வே எண் மாறி, வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று புதிதாக வந்திருக்கும்; உட்பிரிவும் ஆகியிருக்கும். புதிய எண்ணுக்கு மட்டும் தேடினால், பழைய எண்ணில் பதிவான அடமானம் கண்ணில் படாமல் போகலாம். இரண்டு எண்களுக்கும், குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கு, தேடச் சொல்லுங்கள். அப்படியும் வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். உயிலைப் பதிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், பதியாத உயில் அதில் வராது. நடந்துகொண்டிருக்கும் பாக வழக்கும் பெரும்பாலும் வராது. அக்கம்பக்கத்தில் நேரில் விசாரிப்பதும், நாளிதழில் பொது அறிவிப்பு கொடுப்பதும் இதற்காகத்தான்.

விற்பவர் சார்பில் பவர் ஏஜென்ட் வந்தால், பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா, அதை ரத்து செய்திருக்கிறாரா என்று பாருங்கள். பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டால் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆம் ஆண்டில் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

இவையெல்லாம் முடிந்து மனம் நிறைந்தால் முன்பணம் கொடுங்கள்; ஆனால் வெற்றுத்தாள் ரசீதுக்கு அல்ல, கிரய உடன்படிக்கைக்கு. தமிழ்நாட்டில் 2012 ஆம் ஆண்டு டிசம்பரிலிருந்து அதையும் பதிவு செய்ய வேண்டும். உரிமையில் குறை தெரியவந்தால் முன்பணத்தை எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். தொகையை வங்கி வழியாகவே கொடுங்கள்.

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு மனை மலிவாக வருகிறது. பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது என்கிறார்கள். வாங்கலாமா? – வாசகர், வேலூர்

பதில்: மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் தருவது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்); ஊராட்சித் தலைவரின் முத்திரை மட்டும் போட்ட வரைபடம் ஒப்புதல் ஆகாது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதன் பிறகு, அத்தகைய மனைகளை முறைப்படுத்த 2017 ஆம் ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது. அது 20-10-2016 அல்லது அதற்கு முன் பதிவான மனைகளுக்கானது. எனவே அந்தத் தேதிக்கு முந்தைய பதிவு இருக்கிறதா, வரன்முறை ஆணை கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். விண்ணப்பித்திருக்கிறோம் என்ற பதில் போதாது.

மனையை மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் பாருங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதையும், 2023 டிசம்பர் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் நாள்கணக்கில் நீர் நின்றதையும் பார்த்த பிறகும், கோடையில் காய்ந்த தரையைக் காட்டி மனை விற்கிறார்கள். கிராம வரைபடத்தில் அருகில் ஏரி, வாய்க்கால், ஓடைப் புறம்போக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் நிலத்தின் வகையைச் சரிபார்ப்பதும் அவசியம்: பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கிய நிலம்), கோயில் நிலம், வக்பு நிலம் ஆகியவற்றில் பணத்தைப் போட்டு மீட்க முடியாமல் தவிப்பவர்களின் கடிதங்கள் எங்களுக்கு இன்றும் வருகின்றன. மனையின் மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்து பெண் பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

கேள்வி: கட்டிக்கொண்டிருக்கும் அடுக்ககத்தில் வீட்டை உறுதிசெய்ய, ஒப்பந்தத்துக்கு முன்பே 25 சதவீதம் கேட்கிறார்கள். முறைதானா? – வாசகர், மதுரை

பதில்: இல்லை. 2016 ஆம் ஆண்டின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் கட்டினால் ரெரா பதிவும் தேவை. பதிவு எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கு ஜி.எஸ்.டி. பொதுவாக 5 சதவீதம், 45 லட்சத்துக்குள் உள்ள சிறு வீடுகளுக்கு 1 சதவீதம். பணி முடிவுச் சான்று பெற்ற வீட்டுக்கு அது இல்லை. இரண்டு விலைகளை ஒப்பிடும்போது இதையும் சேர்த்தே ஒப்பிடுங்கள்.

வாசகர் அனுபவம்: வாடகைக்கு விடும்போது எதை எழுதிக்கொள்வது என்று சென்ற இதழில் ஒருவர் கேட்டிருந்தார். கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "சாவி கொடுக்கும் நாளில் குடித்தனக்காரருடன் ஒவ்வோர் அறையாகச் சென்று, மின்மீட்டர் அளவு, மின்விசிறிகளின் எண்ணிக்கை, கழுவுதொட்டியில் இருக்கும் விரிசல் வரை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுகிறோம். காலி செய்யும்போது அதே தாளை வைத்துப் பார்ப்பதால் அட்வான்ஸில் பிடித்தம் குறித்துத் தகராறு வருவதில்லை."

மிகச் சரியான பழக்கம். அதை வாடகை ஒப்பந்தத்தின் இணைப்பாகவே சேர்த்துவிடலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பில் பதியவும் வேண்டும். வேறு ஏற்பாடு எழுதிக்கொள்ளாத நிலையில் முன்வைப்புத் தொகை மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. பத்து மாத அட்வான்ஸை வாங்கித் தவணையில் கட்டிவிட்டு, காலி செய்யும்போது திருப்பித் தர வழியின்றி நிற்பவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தொகை குடித்தனக்காரருடையது, தனிக் கணக்கில் இருக்க வேண்டும்.

கேள்வி: 62 லட்சத்துக்கு வீடு வாங்குகிறேன். விற்பவர் பல ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வசிக்கிறார். 1 சதவீத வரிப் பிடித்தம் செய்தால் போதும் என்கிறார்கள். – வாசகர், புதுக்கோட்டை

பதில்: போதாது. 50 லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட விலைக்கு 1 சதவீதம் பிடிப்பது, விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்தால் மட்டுமே. வெளிநாட்டில் வசிப்பவரிடம் வாங்கும்போது மூலதன ஆதாய வரி விகிதத்தில், மிகுவரியும் (சர்சார்ஜ்) தீர்வையும் (செஸ்) சேர்த்துப் பிடிக்க வேண்டும். குறைவாகப் பிடிக்க வேண்டுமானால், விற்பவர் வருமான வரித்துறையிடம் விண்ணப்பித்து அதற்கான சான்றிதழைப் பெற்று உங்களிடம் தர வேண்டும். நீங்கள் பிடிக்கத் தவறினால் துறை உங்களிடம்தான் வசூலிக்கும். பிடித்தம் ஒவ்வொரு முறை பணம் கொடுக்கும்போதும் செய்ய வேண்டியது என்பதால், பதிவு நாள் வரை காத்திராமல், முன்பணத்துக்கு முன்பே அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். இதற்கு ஒரு பட்டயக் கணக்காளரை அணுகுவது நல்லது.