“சிறு மேம்பாடுகள்” என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

கேள்வி: வணக்கம் சார். கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து தரும் ஒரு சின்ன கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு அப்டேட் போகும். அதோடு போகிற சேஞ்ச்லாக்கை (அந்த அப்டேட்டில் என்னென்ன மாறியது என்ற பட்டியல்) எழுதும் வேலையைப் போன மாதம் என் தலையில் கட்டிவிட்டார்கள். டெவலப்பர்களைக் கேட்டால் “கிட்டில் (புரோகிராமில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்) இருக்கிறதை அப்படியே எடுத்துப் போடுங்க” என்கிறார்கள், மேனேஜர் “ரெண்டு வரி போதும்” என்கிறார். போன தடவை நான் போட்டது இதுதான்: “பில்லிங் மாட்யூலில் ரவுண்டிங் லாஜிக் ரீஃபேக்டர் செய்யப்பட்டது.” மறுநாள் காலையிலிருந்து போன் ஓயவில்லை. என்ன தப்பு செய்தேன்?
— ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: எழுதியது நீங்கள், ஆனால் அந்த வரியில் பேசுவது உங்கள் டெவலப்பர். ரீஃபேக்டர் என்றால் வெளியே எதுவும் மாறாமல் உள்ளே இருக்கும் புரோகிராமை ஒழுங்குபடுத்துவது. கடைக்காரர் கையில் இருக்கும் பில்லில் ஒரு ரூபாய் மாறிவிட்டது என்றால் அதற்குப் பெயர் ரீஃபேக்டரே கிடையாது. அதனால் வரி புரியவில்லை என்பதோடு நிற்கவில்லை, தப்பாகவும் இருக்கிறது.

நடந்தது என்னவாக இருக்கும் என்று உங்கள் வரியை வைத்து ஊகிக்கிறேன். ஒரே விலையில் மூன்று பொருள், தலா 33.40 ரூபாய். முன்பு ஒவ்வொன்றையும் தனியாக ரவுண்ட் செய்து 99 என்று காட்டியது, இப்போது மூன்றையும் கூட்டி 100.20 ஆக்கி, அதை ரவுண்ட் செய்து 100 என்று காட்டுகிறது. சரியான மாற்றம்தான். ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு நேற்று 99, இன்று 100, எதிரே நிற்கிற வாடிக்கையாளர் முறைக்கிறார். அவருக்கு வேண்டியிருந்தது இப்படி ஒன்று:

“பில் தொகை இனி மொத்தத்தில் மட்டும் ரவுண்ட் ஆகும். இதுவரை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக ரவுண்ட் ஆனதால் மொத்தம் ஓரிரு ரூபாய் கூடவோ குறையவோ வந்தது. ஏற்கெனவே போட்ட பில்கள் மாறாது. நீங்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை.”

நான்கு வரிதான். என்ன மாறியது, முன்பு எப்படி இருந்தது, எதற்குக் கை வைக்கவில்லை, நீங்கள் என்ன செய்யணும். இதில் கடைசி இரண்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், போன் வருவதும் பெரும்பாலும் அந்த இரண்டுக்காகத்தான்.

கிட்டிலிருந்து அள்ளிப் போடச் சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல்: குனு என்ற சுதந்திர மென்பொருள் திட்டம் தன் புரோகிராமர்களுக்கு வகுத்த விதிகளில் இதற்கு இரண்டு தனிக் கோப்புகள் உண்டு. புரோகிராமில் யார் எதை மாற்றினார்கள் என்பதற்கு ‘சேஞ்ச்லாக்’, பயன்படுத்துகிறவருக்குச் சொல்ல வேண்டியதற்கு ‘நியூஸ்’. காலப்போக்கில் இரண்டாவது வேலையும் முதல் பெயருக்கே வந்து சேர்ந்துவிட்டது, குழப்பம் பாதி அங்கேதான் தொடங்கியது. கமிட் மெசேஜ், அதாவது கிட்டில் ஒவ்வொரு மாற்றத்தோடும் போடும் குறிப்பு, நள்ளிரவில் டெவலப்பர் தனக்குத்தானே எழுதிக்கொள்வது. “ஃபிக்ஸ்”, “ஃபிக்ஸ் 2”, “இது கடைசி ஃபிக்ஸ்”. அதைக் கடைக்காரரிடம் காட்டுவது சமையல்கட்டைச் சுத்தம் செய்யாமல் விருந்தாளியை உள்ளே கூப்பிடுகிற மாதிரி.

நானும் யோக்கியன் இல்லை. புதுச்சேரி நேரு வீதியில் ஒரு துணிக்கடைக்கு நாங்கள் சாஃப்ட்வேர் கொடுத்திருந்த காலத்தில், ஒரு அப்டேட்டில் பார்கோடு லேபிளின் அளவு தானாக மாறிவிட்டது. சேஞ்ச்லாக்கில் நான் எழுதியிருந்தது “சிறு மேம்பாடுகள்”, அவ்வளவுதான். தீபாவளிக்கு முந்தின வாரம், ஸ்டிக்கர் எல்லாம் பாதி விலையும் பாதி வெள்ளையுமாக வருகிறது. அண்ணாச்சி திட்டவே இல்லை. “தம்பி, ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா நானே மாத்தியிருப்பேனே” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

கேள்வி: சேஞ்ச்லாக் தலைப்புகளில் ‘மாற்றப்பட்டது’, ‘நீக்கப்பட்டது’ புரிகிறது. ‘டெப்ரிகேட்டட்’ என்று ஒரு தலைப்புப் போடுகிறார்களே, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?
— ஒரு கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

பதில்: அந்தத் தலைப்புகள் பரவலானதில் ‘கீப் எ சேஞ்ச்லாக்’ என்ற வழிகாட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. 2014-ல் ஒலிவியே லக்கான் தொடங்கியது (பிரெஞ்சுப் பெயர், உங்கள் ஊரில் சரியாக உச்சரிக்க ஆள் கிடைப்பார்கள்). சேர்த்தது, மாற்றியது, விலக்கப்போவது, நீக்கியது, சரிசெய்தது, பாதுகாப்பு என்று ஆறு. டெப்ரிகேட்டட் என்பதற்கு நான் ‘விலக்கப்போவது’ என்றே எழுதுகிறேன்.

வித்தியாசம் புரிய ரூபாய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 நோட்டுகள் செல்லாது என்றார்கள், நள்ளிரவோடு முடிந்தது. அது நீக்கம். 2023 மே 19 அன்று 2000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி சொன்னபோது, நோட்டு செல்லும், ஆனால் செப்டம்பர் 30-க்குள் வங்கியில் போடுங்கள் அல்லது மாற்றிக்கொள்ளுங்கள், ஒரு தடவைக்கு 20,000 ரூபாய் வரை மாற்றலாம் என்றும் சேர்த்தே சொன்னது. அதுதான் விலக்கப்போவது. இன்னும் ஓடுகிறது, ஆனால் எந்தத் தேதிக்குள் எங்கே போகணும் என்று சொல்லியாகிவிட்டது. உங்கள் ஏபிஐயில் (மற்ற சாஃப்ட்வேர்கள் உங்களுடையதோடு பேசும் வழி) பழைய முகவரி ஒன்றை எடுக்கப்போகிறீர்கள் என்றால் தேதியும் புதிய முகவரியும் இல்லாமல் அந்தத் தலைப்பைத் தொடாதீர்கள்.

பெயர் மாற்றத்துக்கு உதாரணம் உங்கள் ஊரே. 2006 அக்டோபர் 1 முதல் பாண்டிச்சேரி அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி. ஆனால் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயர் இன்றும் பாண்டிச்சேரி யுனிவர்சிட்டிதான், பஸ் கண்டக்டருக்கு எப்போதும் பாண்டிதான். பெயரை மாற்றியதாக எழுதும்போது பழைய பெயர் எங்கெல்லாம் இன்னும் வேலை செய்யும் என்றும் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

கேள்வி: பாதுகாப்புக் கோளாறைச் சரிசெய்தோம் என்று பகிரங்கமாக எழுதினால் திருடனுக்கு வழி காட்டின மாதிரி ஆகாதா?
— ஒரு வாசகர், வில்லியனூர்

பதில்: எழுதாவிட்டால் அப்டேட் போடாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அவசரம் தெரியாது. சரிசெய்த வெர்ஷன் வெளியே வந்த பிறகு, எந்த வெர்ஷன்களில் கோளாறு இருந்தது, அதனால் என்ன நடந்திருக்கலாம், எதற்கு மாறணும் என்பதை எழுதுங்கள். சிவிஇ எண் (பகிரங்கமாகத் தெரிந்த பாதுகாப்புக் கோளாறுகளுக்குக் கொடுக்கும் அடையாள எண்) கிடைத்திருந்தால் சேருங்கள். எப்படி உள்ளே நுழைவது என்ற செய்முறை விளக்கம் மட்டும் வேண்டாம்.

கேள்வி: சேஞ்ச்லாக்கில் தேதியை எப்படிப் போடுவது? எங்கள் ஆபீஸில் இதற்கே சண்டை.
— ஒரு வாசகி, அரியாங்குப்பம்

பதில்: 03/04/2025 என்று போட்டால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்காவில் இருக்கும் கஸ்டமருக்கு மார்ச் 4. ஆண்டு முதலில் வரட்டும்: 2025-04-03. தேதி எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601 முறை அதுதான், இப்படி எழுதினால் பட்டியலும் தானாக வரிசையில் நிற்கும். புதியது மேலே, பழையது கீழே. சண்டை அதற்கப்புறமும் தொடர்ந்தால் காரணம் தேதியாக இருக்காது.