வளவில் ஒரு தமிழ்த் திருமணம்: வாசகர் கேள்விகள்

கே: காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவிலேயே (உள்முற்றத்திலேயே), ஐயர் இல்லாமல், தமிழில் கல்யாணம். நடத்தி வைக்கும் பெரியவருக்கு உரிமம் ஏதும் வேண்டுமா?

ப: வேண்டாம். இருவரும் இந்துக்கள் என்றால், இந்து திருமணச் சட்டத்தில் 1967-இல் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவு போதும். உறவினர், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் 'இவரை மனைவியாக ஏற்கிறேன்', 'கணவராக ஏற்கிறேன்' என்று ஒருவருக்கொருவர் சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று நடந்தாலே செல்லும். பெரியவர் தலைமை தாங்குகிறார், அவ்வளவுதான்.

சொதப்புவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: உறுதிமொழியைப் பெரியவரே முழுக்க வாசிப்பார், மணமக்கள் தலையாட்டுவார்கள். வாய்விட்டுச் சொல்ல வேண்டியது நீங்கள். ஆளுக்கு நாலு வரி, பெரிய எழுத்தில், அட்டையில் ஒட்டி வையுங்கள். சொல்லி முடித்தபின்தான் கெட்டிமேளம் என்று நாதஸ்வரக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையேல் வீடியோவில் தவில்தான் கேட்கும்.

கே: நகரத்தார் வழக்கப்படி இசைகுடிமானம் எழுதி, கோயில் மாலையும் வந்தாயிற்று. பதிவும் வேண்டுமா?

ப: கட்டாயம். இசைகுடிமானம் இரு வீட்டார் உடன்பாடு. சார்பதிவாளர் தரும் சான்றிதழுக்கு அது ஈடாகாது. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். அழைப்பிதழ், வயது, முகவரிச் சான்றுகளோடு போங்கள். நம்மூரில் தலைவலியே இனிஷியல்தான். ஆதாரில் 'பழ.', பாஸ்போர்ட்டில் 'பி.எல்.', பத்திரிகையில் அப்பா பெயர் முழுதாக என்று இருக்கும். பத்திரிகை அச்சுக்குப் போகும் முன்பே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கே: மாப்பிள்ளை கிறிஸ்தவர். மதம் மாறாமல் முடியுமா?

ப: முடியும், ஆனால் 7-ஏ உங்களுக்குப் பொருந்தாது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் வாருங்கள். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருப்பு. கொடுத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கல்யாணத்தை முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. சாட்சி மூவர். அலுவலரைக் கூடுதல் கட்டணத்தில் வீட்டுக்கே அழைக்கச் சட்டத்தில் வழியுண்டு. ஆனால் முந்தின நாளே அலுவலகத்தில் கையெழுத்தை முடித்துவிட்டு, வளவில் நிம்மதியாகக் கொண்டாடுங்கள் என்பேன். ஒன்று மட்டும்: சான்றிதழில் வருவது கையெழுத்திட்ட தேதி.

கே: மோதிரம் மட்டும் மாற்றினால் போதுமா? கழுத்துரு (நகரத்தார் தாலி) இல்லாமலா என்கிறார் ஆச்சி.

ப: சட்டத்துக்குப் போதும். ஆச்சிக்குப் போதாது! முதலில் உறுதிமொழி, அடுத்து திருப்பூட்டு, அதாவது தாலி கட்டு, என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம்தான் கூடும்.